ரீல் அறுந்த இடத்தில் ஒரு வசனம்

ஒரு மாதம் இருக்கும். கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டுக்குள்ளிருந்து துண்டுச் சீட்டு ஒன்று மடியில் விழுந்தது.

"டீச்சர், சனிக்கிழமை சாயந்தரம் ஆட்டையாம்பட்டி டூரிங் டாக்கீஸில் ஒரு படம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அப்பா பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார். கமலம்."

எனக்கு ஆச்சரியம். இரண்டு ஆச்சரியம் என்று சொல்ல வேண்டும்.

முதலாவது, எனக்கும் சினிமாவுக்கும் உள்ள தூரம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். கொசுவலை பற்றி எழுதியிருக்கிறேன், பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு நடக்கும் யுத்தம் பற்றி எழுதியிருக்கிறேன்... சினிமா பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எங்கள் பங்குச் சாமியார் வேறு, அதற்கு முந்தின ஞாயிறு பூசையில்தான் சினிமாக் கொட்டகைகளைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் வைத்திருந்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆச்சரியம், சீட்டு எழுதிய கமலம்.

கமலம் பத்தாம் வகுப்பு. சேலத்தில் எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம், கிணறு, மாடு கன்று என்று வசதியான விவசாயக் குடும்பம். அழகான கையெழுத்து. கட்டுரையில் அவள்தான் எப்போதும் முதல். ஆனால் இரண்டு வருடத்தில் அவள் குரலை நான் நாலைந்து தடவை கேட்டிருந்தால் அதிகம். அவளுக்குத் திக்கும். சாதாரணத் திக்கல் அல்ல... முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வகுப்பில் பாடத்தை வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாய்விட்டு வாசிக்கச் சொல்வது என் வழக்கம். முதல் தடவை கமலத்தின் முறை வந்தபோது அவள் பட்ட பாட்டைப் பார்த்தேன். பின் வரிசையில் கிளம்பிய சிரிப்பையும் கேட்டேன். அன்றிலிருந்து அவள் முறை வந்தால், "அடுத்தது விசாலாட்சி" என்று போய்விடுவேன். பெரிய கருணை செய்ததாக எனக்கு நினைப்பு!

அப்படிப்பட்ட பெண் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? சாமியாரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கமலத்தின் அப்பா சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். நல்ல உயரம். பக்கத்தில் கமலமும் அவள் அம்மா பாவாயியும்.

"வாங்க டீச்சருங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்றார்.

"இல்லீங்க. என்ன படம் இது? இவ்வளவு தூரம் வரச் சொல்லி கமலம் சீட்டு எழுதியிருக்கிறாளே?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறதுக்குச் சேலத்துக்குப் போயிருந்தனுங்க. சாயந்தரம் ஆகும்னு சொல்லிப்போட்டான் கடைக்காரன். சரி, புள்ளையையும் கூட்டிக்கிட்டு எங்காச்சும் உக்காரலாம்னு பக்கத்துக் கொட்டாயில நுழைஞ்சமுங்க. உள்ளார பத்துப் பேரு இல்லீங்க. ஃபேன் காத்து நல்லா வந்துச்சு. நான் தூங்கிப்போட்டனுங்க!"

கமலம் அப்பாவை முறைத்தாள்.

"அன்னைக்குப் புடிச்சு இந்தப் புள்ளை அதே நெனப்பா இருக்குதுங்க. இப்ப இங்கயே வந்துருச்சுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் பாக்கோணும்னு ஒரே புடி" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சேலத்தில் அந்தப் படம் ஒரு வாரம்கூட முழுசாக ஓடவில்லை. ஏன் ஓடும்? யாரோ நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து எடுத்த படம். ஸ்டுடியோ பக்கமே போகவில்லையாம். ஒரு ரயில்வே கேட், ஒரு சின்ன வீடு, ஒரு பள்ளிக்கூடம்... முடிந்தது செட்டு. நடித்தவர்களில் ஒருவர் முகம்கூட யாருக்கும் தெரியாது. நம் ஊர்க் கொட்டகைகளில் முதல் நாள் சூடம் காட்டுகிறார்கள், காகிதப்பூ வீசுகிறார்கள். இதில் யாருக்கு என்று காட்டுவது?

படத்தின் பெயரைச் சொல்லட்டுமா என்று பத்திரிகை ஆசிரியரைக் கேட்டேன். "பத்தியில் விளம்பரம் கூடாது" என்றுவிட்டார். போகட்டும். போஸ்டரில் ஒரு ரயில்வே கேட்டும் ஒரு பெண்ணும் மட்டும் இருப்பார்கள். அவ்வளவு ஏழைப் போஸ்டர் வேறு எந்தப் படத்துக்கும் இருக்காது. கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்கீஸ் என்பது கீற்றுக் கூரை போட்ட கொட்டகை. நடுவில் இடுப்பு உயரச் சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். எனக்காக நாற்காலி போடச் சொன்னார் சென்னியப்பன். கமலம் என் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தரைக்கே இழுத்துப் போனாள். மணலில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் கமலம், மறுபக்கம் முறுக்குக் கூடையோடு ஓர் அம்மாள். பெயர் ராமாயி. இடைவேளையில் விற்பாள், படம் ஓடும்போது எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"படத்துல ஆரு நடிக்கறாங்க?" என்று என்னைக் கேட்டாள் ராமாயி.

"தெரியலீங்க."

"சண்டை?"

"இல்லையாமுங்க."

"பாட்டாச்சும்?"

"ஒண்ணே ஒண்ணாம்."

ராமாயி கூடையைத் துணியால் மூடினாள். "இன்னைக்கு நல்லாத் தூங்கலாம்" என்றாள்.

படம் ஆரம்பித்தது.

கதை இதுதான். ரயில்வே கேட் காவல்காரரின் மகள் அஞ்சலை. பதிமூன்று, பதினான்கு வயது. அவளுக்குத் திக்கும்...

அந்த முதல் காட்சியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவாகத் திரும்பிக் கமலத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

அஞ்சலைக்கு யாரோடு பேசினாலும் திக்கும். ஆனால் ரயில் போகும்போது மட்டும் திக்காது. கூட்ஸ் வண்டி தடதடவென்று கடக்கும்போது, கேட் ஓரத்தில் நின்றுகொண்டு அன்றைய பாடம் முழுவதையும் உரக்கக் கத்துவாள். அவள் குரல் அவளுக்கே கேட்காது. கடைசிப் பெட்டி போனதும் வாயை மூடிக்கொள்வாள். படத்தில் இருந்த ஒரே பாட்டும் அந்தச் சத்தத்துக்குள் பாடுவதுதான்.

நம் கொட்டகைகளில் படம் பார்க்கிறவர்கள் சும்மா பார்ப்பதில்லை, தெரியுமா? திரையில் இருப்பவர்களோடு பேசுவார்கள். பட்டணத்தில் இருக்கும் நமக்கு அது அநாகரிகம். பின்னால் யாராவது பேசினால் திரும்பி 'உஷ்' என்போம். நானும் 'உஷ்' சொல்லும் ஜாதிதான். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

தூங்கப் போவதாகச் சொன்ன ராமாயி, இரண்டாவது ரீலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கூட்ஸ் வண்டி வரும்போதெல்லாம், "வருது சாமி, வருது... சொல்லிப்போடு, சீக்கிரம் சொல்லிப்போடு!" என்று அஞ்சலையை அவசரப்படுத்தினாள். கடைசிப் பெட்டி கண்ணில் பட்டதும் பெண்கள் பக்கம் முழுவதும் 'ச்சே' என்றது. இன்னும் நாலு பெட்டி மாட்டியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம்!

ஒரே ஒரு புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்குப் போடுவார்கள். மற்ற படங்களுக்கு அந்த நேரத்தில் சோடாப் பாட்டில் சத்தமும் விசிலும் காதைப் பிளக்குமாம். அன்று ராமாயி எழுந்து விற்கக்கூடப் போகவில்லை. "அப்பறம் என்னாகும் கண்ணு?" என்று கமலத்தைக் கேட்டாள். கமலம் உதட்டின் மேல் விரல் வைத்துச் சிரித்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு பூமி உருண்டை. எங்கிருந்தோ வரவழைத்த புது உருண்டை. ஒரு நாள் காலையில் அது கீழே விழுந்து, இரண்டாக உடைந்து கிடக்கிறது. யார் உடைத்தது? டீச்சர் பெண்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்கிறாள். "நீயா?" இல்லை டீச்சர். "நீயா?" இல்லை டீச்சர். ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்து அஞ்சலையின் முன்னால் நிற்கிறாள். அவளைப் பார்க்கிறாள். பாவம் என்பதுபோல் லேசாகச் சிரிக்கிறாள். கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அவளைக் கேட்காமல், அடுத்த பெண்ணிடம் போய்விடுகிறாள்.

ராமாயி மணலில் முழங்காலிட்டு எழுந்தாள். திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க டீச்சரு! அந்தப் புள்ளையை ஏன் உட்டுப்போட்டுப் போறீங்க? அதையுங் கேளுங்க! அது மனுசப் புள்ளை இல்லீங்களா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அவளுக்கு நேரமில்லையாட்ட இருக்குது! நின்னு கேட்டாத்தான் என்ன, கொறைஞ்சா போயிருவா?"

"டீச்சராம் டீச்சரு!"

திரையில் இருக்கும் டீச்சருக்கு அது கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. என் கன்னம் எரிந்தது. இருட்டில் யாருக்கும் தெரியாது என்றாலும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இருபது வருடம் டீச்சர் வேலை பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர்கள் எத்தனையோ பேர் வந்து என் வகுப்பைப் பார்த்துவிட்டு நல்லபடியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். முறுக்கு விற்கும் ராமாயி ஒரு நிமிடத்தில் என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்... நான் யார் என்றுகூடத் தெரியாமல்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சீட்டு புரிந்ததுபோல் இருந்தது. ஓ... இதற்குத்தான் கூப்பிட்டாயா கமலம்?

கதை போயிற்று. பழி, அஞ்சலையின் சிநேகிதி மீது விழுகிறது. அந்தப் பெண்ணைப் பள்ளியைவிட்டு அனுப்புவதாக முடிவாகிறது. அஞ்சலைக்கு ஏதோ தெரியும் என்பது மட்டும் நமக்குப் புரிகிறது. என்ன தெரியும்? யார் உடைத்தது? ராமாயிக்குச் சந்தேகம் வாத்தியாரம்மா வீட்டுப் பூனை மேல். பாவாயிக்குப் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி மேல். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களும் இதே விவாதம்தான்.

கடைசி ரீல். பள்ளி முழுவதும் மைதானத்தில் கூடியிருக்கிறது. சிநேகிதி தலைகுனிந்து நிற்கிறாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அஞ்சலை நடந்து வருகிறாள். தலைமை ஆசிரியை முன்னால் நிற்கிறாள். ரயில் இல்லை. சத்தம் இல்லை. வாயைத் திறக்கிறாள்...

ராமாயி கூடையைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள்.

திறக்கிறாள்... எழுத்து வரவில்லை... மறுபடியும்...

அஞ்சலையின் முகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. அது கொப்புளமாக விரிந்தது. முகம் முழுவதும் உருகி, திரை வெள்ளையாகிவிட்டது. பின்னால் புரொஜெக்டரில் தடதடவென்று ஏதோ அடித்துக்கொள்ளும் ஓசை.

ரீல் அறுந்துவிட்டது!

விளக்கு எரிந்தது. ஆபரேட்டர் ஒட்டும் வரையில் யாரும் எழுந்திருக்கவில்லை, விசில் அடிக்கவில்லை. அஞ்சலை வாய் திறந்தபடி எங்கோ காத்துக்கொண்டிருப்பதுபோலவும், நாம் சத்தம் போட்டால் அவளுக்கு இன்னும் கஷ்டம் என்பதுபோலவும் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடியும் படம் ஓடியது. எடுத்த எடுப்பில் தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அந்த டீச்சர் அஞ்சலையின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். சிநேகிதி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். ரயில்வே கேட் திறக்கிறது. திரையில் 'வணக்கம்'.

அவ்வளவுதான். படம் முடிந்தது.

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கொட்டகையே வெடித்தது.

"என்ன சொன்னா? ஆரு ஒடச்சதாமா?"

"மறுக்காப் போடுங்க!"

"எங்க சாமி அந்த வசனம்?"

ஆபரேட்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். கையில் ஒரு கொத்து ஃபிலிம். கருகி, நார் நாராகக் கிழிந்த துண்டுகள்.

"என்னை என்னங்க பண்ணச் சொல்றீங்க? எரிஞ்சது கொஞ்சம், மெஷின் பல்லுல மாட்டிக் கிழிஞ்சது மிச்சம். இதை வெட்டி எறிஞ்சுபோட்டுத்தான் ஒட்டுனனுங்க. வசனம் இதோட போச்சுங்க."

சினிமாக் கொட்டகை நிலவரம் எனக்குத் தெரியாது. கல் எறிவார்களோ என்று பயந்தேன். யாரும் எறியவில்லை. யாரும் வீட்டுக்கும் போகவில்லை. அந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்காமல் எப்படிப் போவது? அது அவளுக்குச் செய்யும் துரோகம் என்பதுபோல் மணலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

ராமாயி எழுந்து நின்றாள். "பட்டணத்துல இந்தப் படத்தைப் பாத்தவீங்க இங்க ஆராச்சும் இருக்கறீங்களா?" என்று கொட்டகைக்குப் பொதுவாகக் கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. "எம்புள்ளை பாத்துருக்குதுங்க!"

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. "ஆனா... அதுக்கு..." என்று இழுத்தார்.

அதற்குள் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் சுவரோரமாக எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இருநூறு, முந்நூறு பேர் இருப்பார்கள்.

கமலம் எழுந்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததையும் எழுதிவிட வேண்டும். மறைத்தால் இந்தப் பத்திக்கு அர்த்தமில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "உட்காரு கமலம். எழுதிக் கொடு, நான் படித்துவிடுகிறேன்" என்றேன்.

சற்று முன்பு கன்னம் எரிய உட்கார்ந்திருந்த அதே நான்தான்!

கமலம் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். கோபமாக இல்லை. குழந்தை பிடித்த கையை விலக்குவதுபோல.

"அ... அ... அ..."

கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குத் தெரிந்த அதே பாடு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அஞ்... அஞ்சலை... சொ... சொ..."

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். 'பட்' என்று ஓர் அடி விழுந்த ஓசை. "சும்மா இர்றா!" என்றது ஒரு கரகரத்த குரல்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பணக்காரப் புள்ளைதான்னு சொன்னாளா கண்ணு?" என்று எடுத்துக்கொடுத்தாள். உதவிதான்!

ராமாயி அவள் தோளில் கை வைத்தாள். "நீ சும்மா இரு. அது சொல்லட்டும்."

அது சொல்லட்டும் என்றாள். நான் இரண்டு வருடமாகச் சொல்லாத வார்த்தை.

எவ்வளவு நேரம் ஆயிற்று? எனக்குத் தெரியாது. கடிகாரம் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இரண்டு மணி நேரமாக அந்தப் படம் அவர்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்திருந்ததோ என்னவோ. அந்தக் காத்திருப்பில் இரக்கம் இல்லை, அவசரம் இல்லை. ஒருவர் முகத்திலும் 'ஐயோ பாவம்' இல்லை. அவர்களுக்கு வேண்டியது பதில். அது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். கோவிலில் நான் எத்தனையோ மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை.

"நா... நா... நான்தான்... ஒ... ஒடச்சேன்."

கொட்டகை ஒரே குரலில் "ஆ!" என்றது.

அஞ்சலையே உடைத்திருக்கிறாள்! பூனையும் இல்லை, பணக்காரப் பெண்ணும் இல்லை! கை தட்ட ஆரம்பித்தார்கள். கமலம் கையை உயர்த்தினாள். 'இருங்கள், இன்னும் முடியவில்லை' என்பதுபோல. கைதட்டல் உடனே நின்றது. ஓர் அமைச்சர் கை உயர்த்தினால்கூட அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

"எ... என்னை..."

நீண்ட இடைவெளி.

"என்னை... யா... யாரும்... கே... கேக்கலை."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான்தான் உடைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. வசனம் அவ்வளவுதான். அதை எழுதிய முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துக் கும்பிடத் தோன்றியது. பேச வராதவள் என்று தள்ளிவிட்டால், அவளுடைய தப்பைக்கூட அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். நல்லவளாக இருக்கவும் அவளுக்கு வழியில்லை, கெட்டவளாக இருக்கவும் வழியில்லை. வெறும் பாவமாக மட்டும் இருக்க வேண்டியதுதான்!

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ராமாயி தன் கூடையில் மிச்சமிருந்த முறுக்கையெல்லாம் கமலத்தின் மடியில் கவிழ்த்தாள். "அட சாமி... அட எஞ்சாமி..." என்று சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். சிலர் போகிற போக்கில் கமலத்தின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆபரேட்டர் கையில் அந்தக் கருகின ஃபிலிமோடு அப்படியே நின்றார்.

வெளியே வந்ததும் பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளை இத்தனை பேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லீங்க."

சென்னியப்பன் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நாங்க எங்கீங்க அதைப் பேச உட்டோம்? அது 'த'ன்னு ஆரம்பிச்சா, நான் 'தண்ணி'ன்னு முடிச்சுப்போடுவனுங்க. அது கேட்டது தட்டமா, தலகாணியான்னு எனக்கென்னங்க தெரியும்? பதினஞ்சு வருசமா எம்புள்ளை வேண்டாத தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருக்குதுங்க."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அவராலேயே சிரிக்க முடியவில்லை. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கமலம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சேலம் பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டே விட்டேன்.

"கமலம், என்னை எதற்காக இந்தப் படத்துக்கு வரச் சொன்னாய்?"

'அந்த டீச்சரைப் பார்க்கத்தான்' என்பாள் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகூடத் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். இடையில் இரண்டு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பழக்கமில்லாத வேலை. கஷ்டமாகத்தான் இருந்தது.

"நீ... நீங்க பத்தி எ... எழுதறீங்கல்ல? நீங்க எ... எழுதினா... படம் இன்னும் கொ... கொஞ்ச நாள் ஓ... ஓடும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! உலகமே என்னைத் திருத்துவதற்காகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் படம் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

"அதற்கு மட்டும்தானா?" என்றேன்.

கமலம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாத மௌனம் எது, சொல்ல விரும்பாத மௌனம் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. இது இரண்டாவது வகை. பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை பாடம் வாசிக்கும் வரிசை கமலத்திடம் வந்தது. "கமலம், வாசி" என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. விசாலாட்சி, பாவம், பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள்! உட்காரச் சொன்னேன்.

ஒரு பத்தி. பன்னிரண்டு வரி. முதலில் பின் வரிசையில் சிரிப்பு வந்தது. நாலாவது வரியில் அது ஓய்ந்தது. ஏழாவது வரியில் ஒரு நீண்ட சொல்லில் அவள் மாட்டிக்கொண்டபோது என்னையறியாமல் முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்துவிட்டேன். கமலம் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"டீ... டீச்சர். நா... நானே சொல்றேன்."

"சொல்லம்மா" என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பத்தியோடு பீரியட் முடிந்துவிட்டது. இந்த வருடம் நான் நடத்திய வகுப்புகளில் பாடம் மிகக் குறைவாக நடந்த வகுப்பு அதுதான். நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

அவளுக்குத் திக்குவது நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அப்படியேதான் இருக்கிறது. சினிமாப் படம் மருந்து இல்லையே. ஆனால் இப்போது திக்கித் திக்கி நிறையப் பேசுகிறாள். விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தில், கிணற்றடியில்... எங்கே பார்த்தாலும் கமலத்தின் குரல்தான். இத்தனை வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வர வேண்டாமா?

போன வியாழக்கிழமை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓயாத பேச்சு. திரும்பிப் பார்த்தேன். கமலம்! வகுப்பில் பேசியதற்காக அவளை வெளியே போய் நிற்கச் சொன்னேன். அவள் வாழ்க்கையில் முதல் தடவை... போய் நின்றாள் மகாராணி மாதிரி!